சின்சினாட்டி: ஒரு நதிக்கரை நகரின் பூர்வ விருத்தாந்தம்



அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பிரதேசத்திலே, ஒஹையோ நதியின் வடகரையில், குன்றுகள் அரைவட்டமாகச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் சின்சினாட்டி என்னும் பெருநகரம் அமைந்திருக்கிறது. ஊர்களுக்குப் பெயர் அமையும் வழிகள் பல. ஆற்றாலும் மலையாலும் பெயர் பெற்ற ஊர்கள் உண்டு, ஊரை அமைத்தவன் தன் பெயரையே சூட்டிச் சென்ற ஊர்கள் உண்டு, கடல் கடந்து வந்தவர்கள் தாங்கள் பிரிந்து வந்த தாயகத்தை மறக்கமாட்டாமல் அதன் பெயரைப் புதிய மண்ணில் இட்ட ஊர்களும் அந்நாட்டில் ஏராளமாக உண்டு. சின்சினாட்டியின் பெயரோ இவ்வகைகளுள் ஒன்றிலும் சேராது. அது சுதந்தரப் போரில் கலந்துகொண்ட சேனாபதிகள் தமக்குள் அமைத்துக்கொண்ட ஒரு சங்கத்தின் பெயர். அச்சங்கம் தோன்றி 7 ஆண்டுகளும் நிரம்பாத காலத்தில், ஒரு கிராமத்தின் பழைய பெயரை நீக்கிவிட்டு, அரசாங்கத்தின் ஆணையாக அங்கே சூட்டப்பட்ட பெயர். நீக்கப்பட்ட அந்தப் பழைய பெயருக்கும் வயது ஓராண்டுக்குச் சற்று அதிகமே. இந்த இரு பெயர்களின் கதையைச் சுவைபடச் சொல்லி முடித்துவிட்டால் நகரின் பூர்வ சரித்திரம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். அவ்விரு பெயர்களுக்கும் முன்னே அந்நிலத்துக்கு உரியவராய் இருந்த மக்களையும், பெயர் மாறிய ஆண்டிலேயே மூண்ட கொடிய யுத்தத்தையும் சேர்த்து நோக்காதவரை, சின்சினாட்டி என்னும் பெயரின் பொருள் நமக்கு விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இடத்தின் இயல்பைக் கூறுகிறேன். அல்லெகெனி, மொனோங்கஹேலா என்னும் இரு நதிகள் பிட்ஸ்பர்க் நகரில் ஒன்றுகூட, அங்கிருந்து ஒஹையோ என்னும் பெயரோடு புறப்படும் ஆறு, ஏறத்தாழ 980 மைல் தென்மேற்காக ஓடி மிஸ்ஸிஸிப்பியில் சங்கமமாகிறது. அதன் போக்கில் ஏறக்குறைய பாதித் தொலைவில், தென்கரையாகிய கென்டக்கிப் பக்கத்திலிருந்து லிக்கிங் என்னும் உபநதி வந்து சேர்கிறது. விலங்கினங்கள் நாவால் நக்கி உப்புச் சுவையைத் தேடும் உவர்நிலங்கள் அப்பக்கத்தில் மிகுதி. அதனாலேயே அவ்வாற்றுக்கு அப்பெயர். லிக்கிங்கின் முகத்துவாரத்துக்கு நேர் எதிரே, வடகரையில், வெள்ளத்துக்கு எட்டாத இரண்டு படிகளாக நிலம் உயர்ந்து நிற்கிறது. அதற்குக் கிழக்கே சிறிய மயாமி, மேற்கே பெரிய மயாமி என இரண்டு ஆறுகள் வடக்கிலிருந்து வந்து ஒஹையோவில் விழுகின்றன. தெற்கே செல்லவும் வடக்கே செல்லவும் மேற்கே செல்லவும் நீர்வழிகள் கூடுகின்ற இத்தகைய சந்தியில் மனிதர் குடியேறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மிகப் பழங்காலத்திலேயே குடியேறியிருந்தார்கள். நகரின் முதற்பெரும் மருத்துவரும் கல்வியாளருமாகிய டேனியல் டிரேக் என்பார், 1815-இல் வெளியிட்ட சின்சினாட்டி பற்றிய தம் நூலில், ஊருக்கு நடுவே இருந்த மண்மேடுகளையும் வட்டவடிவான கரைகளையும் அளந்து வர்ணித்திருக்கிறார். ஆதேனா முதலிய நாகரிகத்தைச் சேர்ந்த பண்டை மக்கள் கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய அம்மேடுகளுள் பெரியது 35 அடி உயரம் இருந்ததென்றும், 1794-இல் காவலாள் நிற்பதற்கு இடஞ்செய்யவேண்டி ஜெனரல் வேய்ன் அதன் தலைப்பகுதியை வெட்டிவிட்டார் என்றும் அவர் கூறுகிறார். எஞ்சிய மேடும் 1841-இல் தெருவுக்காக முற்றிலும் தகர்க்கப்பட்டது. தகர்க்கும்போது, அழகிய வளைகோடுகள் செதுக்கிய சிறு கற்பலகை ஒன்று கிடைத்தது. அப்பலகை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மேடு இருந்த இடத்தில் அதன் நினைவாக எஞ்சியது, மேட்டுத் தெரு என்று பொருள்படும் ஒரு தெருப்பெயர் மட்டுமே. பெயரை வைத்துக்கொண்டு பொருளை அழிக்கும் இவ்வழக்கத்தை அந்நகரின் சரித்திரத்தில் நாம் மீண்டும் மீண்டும் காண்போம்.

மண்மேடுகளை எழுப்பியவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னே, ஐரோப்பியர் வந்த காலத்தில், இந்நிலப்பரப்பு மயாமியர், ஷானியர், லெனாப்பேயர் முதலிய சுதேசக் குடிகளின் வேட்டைக்காடாகவும் போக்குவரத்துப் பாதையாகவும் விளங்கியது. ஷானியருக்குச் சிறிய மயாமி ஆற்றின் கரையில் சில்லிகோதி என்ற பேரூர் இருந்தது. மயாமியர் பெரிய மயாமியின் தலைப்பகுதியிலும் அதற்கு அப்பால் வாபாஷ் நதிப் பிரதேசத்திலும் வாழ்ந்தார்கள். ஒஹையோ என்பது செனெக்கா மொழியில் நல்ல ஆறு என்று பொருள்படும் சொல்; பிரெஞ்சுக்காரர் அதனை அழகிய ஆறு என்று தம் மொழியில் வழங்கினர். ஊர்ப்பெயர்களை எத்தனை முறை மாற்றினாலும் ஆற்றுப் பெயர்களை மாற்றுவது எளிதன்று. ஒஹையோவும் மயாமியும் இன்றளவும் அப்பெயர்களாலேயே வழங்குகின்றன.

இனி, குடியேற்றத்துக்கு வருவோம். 1783-இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி பிரிட்டன் இந்த வடமேற்குப் பிரதேசத்தைப் புதிய குடியரசுக்கு விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்தவரும் பெற்றுக்கொண்டவரும் அந்நிலத்தில் வாழ்ந்தவரைக் கலந்துகொள்ளவில்லை. யுத்தக் கடனில் மூழ்கியிருந்த புதிய அரசாங்கத்துக்கோ நிலத்தைத் தவிர வேறு சொத்தே இல்லை. ஆகவே 1785-இல் நிலத்தை அளந்து விற்பதற்கு ஒரு சட்டமும், 1787 ஜூலை 13-இல் அப்பிரதேசத்தை ஆளும் முறையை வகுக்கும் ஒரு சாசனமும் பிறந்தன. ஒஹையோவுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று விதித்த அந்தச் சாசனம் உலகம் போற்றத்தக்கது. அதே சாசனம், சுதேசக் குடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமின்றிக் கொள்ளலாகாது என்றும் கூறிற்று. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, பெரிய மயாமியின் முகத்துவாரத்தில் இருந்த ஃபின்னி கோட்டையில், யுத்தம் தொடுப்போம் என்று அச்சுறுத்தி ஷானியரிடம் கையெழுத்துப் பெற்றாகிவிட்டது.

அந்த 1786-ஆம் ஆண்டில், களவுபோன குதிரைகளைத் தேடிக்கொண்டு கென்டக்கியிலிருந்து வடகரைக்குச் சென்ற பெஞ்சமின் ஸ்டைட்ஸ் என்பவர், இரு மயாமி ஆறுகளுக்கு இடைப்பட்ட மண்ணின் வளத்தைக் கண்டு வியந்தார். நியூ ஜெர்ஸிக்குத் திரும்பி, நியாயாதிபதியும் காங்கிரஸ் பிரதிநிதியுமாக இருந்த ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் என்பாரிடம் செய்தியைச் சொன்னார். சிம்ஸ் தாமே வந்து பார்த்துவிட்டு, 10 லட்சம் ஏக்கருக்கு 1788-இல் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் பேசிக்கொண்டார். ஏக்கருக்கு விலை ஒரு டாலரில் மூன்றில் இரண்டு பங்கு. முடிவில் 1794-இல் ஜனாதிபதி வாஷிங்டன் கையெழுத்திட்டு அவருக்கு வழங்கிய பட்டயத்தில் இருந்ததோ மூன்று லட்சத்துச் சொச்சம் ஏக்கர்தான். ஆனால் பட்டயம் வருவதற்கு நெடுநாள் முன்பே அவர் விற்கத் தொடங்கிவிட்டார். தமக்கு உரிமையில்லாத எல்லைக்கு அப்பாலும் விற்றார். அதனால் எழுந்த வழக்குகள் அவருடைய ஆயுளின் இறுதிவரை அவரைத் தொடர்ந்தன.

அந்த வாங்குநிலத்தில் மூன்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. சிறிய மயாமியின் முகத்தருகே ஸ்டைட்ஸ் 1788 நவம்பரில் அமைத்த கொலம்பியா முதலாவது. லிக்கிங்குக்கு எதிரே அமைந்தது இரண்டாவது. சிம்ஸ் தாமே 1789 பிப்ரவரியில் வந்திறங்கித் தம் தலைநகராக்க நினைத்த வடவளைவு என்னும் ஊர் மூன்றாவது. இவற்றுள் நடுவிலுள்ளதே நம் நகரம்.

அந்த நடுநிலத்தை, 700-க்குச் சற்று மேற்பட்ட ஏக்கர் பரப்பை, சிம்ஸிடமிருந்து வாங்கியவர் நியூ ஜெர்ஸியைச் சேர்ந்த மத்தையாஸ் டென்மன். அவர் லெக்ஸிங்டன் நகருக்குச் சென்று இருவரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் அந்த லெக்ஸிங்டனையே அமைத்தவர்களில் ஒருவராகிய ராபர்ட் பாட்டர்சன். துணிவும் ஆள்பலமும் உள்ளவர். மற்றொருவர் ஜான் ஃபில்சன் என்னும் பள்ளி ஆசிரியர். இந்த மூவரில் என் மனத்தைக் கவர்ந்தவர் ஃபில்சனே என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

பென்சில்வேனியாவில் பிறந்து, பள்ளியில் பாடம் சொல்லியும் நிலம் அளந்தும் ஜீவனம் செய்த ஃபில்சன், 1784-இல் கென்டக்கி நாட்டைப் பற்றி முதன்முதலாக ஒரு நூலும் தேசப்படமும் வெளியிட்டவர். டேனியல் பூன் என்னும் வேடர்தலைவரின் சாகசங்களை அவர் வாய்மொழியாகக் கேட்டு அந்நூலில் சேர்த்தெழுதி, அம்மனிதரை உலகப் பிரசித்தராக்கியதும் ஃபில்சனே. அடுத்த ஆண்டிலேயே அந்நூல் பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மானிய மொழியிலும் வெளிவந்தது. டென்மனிடம் நிலம் இருந்தது, பாட்டர்சனிடம் செல்வாக்கு இருந்தது. ஊரின் வரைபடத்தை வகுப்பதும் அதற்கொரு பெயர் காண்பதும் ஃபில்சனுக்குரிய வேலையாயின.

அவர் கண்ட பெயர் லொசாண்டிவில். அதன் அமைப்பைக் கூறாமல் இந்தச் சரித்திரத்தைச் சொல்ல முடியாது. முதல் எழுத்தாகிய ல் என்பது லிக்கிங் நதியைக் குறிக்கும். ஒஸ் என்பது வாய் அல்லது முகம் என்று பொருள்படும் லத்தீன் சொல். ஆண்டி என்பது எதிர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். வில் என்பது ஊரைக் குறிக்கும் பிரெஞ்சு விகுதி. பின்னிருந்து கூட்டிப் பொருள் கொண்டால், லிக்கிங்கின் முகத்துக்கு எதிரேயுள்ள ஊர் என்பதாம். பின்னாளில் வந்த எழுத்தாளர் பலர் இதனைப் பண்டிதரின் விநோதம் என்று நகைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அந்த நகைப்பில் சம்மதமில்லை. ஊர் எங்கே இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லவேண்டும் என்று அவர் கருதினார். எந்த அதிபதியின் புகழையும் பாடாமல், எந்தச் செல்வரின் தயவையும் நாடாமல், நதியும் நதியும் சந்திக்கும் நிலத்தின் இயல்பையே பெயராக்கினார். காட்டுக்கு நடுவே, இன்னும் ஒரு குடிசைகூட எழும்பாத இடத்துக்கு, தாம் கற்ற மொழிகளையெல்லாம் கூட்டிப் பெயர் புனைந்த அந்த ஆசிரியரின் உள்ளம் மதிக்கத்தக்கது.

1788 செப்டம்பரில் கென்டக்கி கெஜட் என்னும் பத்திரிகையில் மூவரும் ஒரு விளம்பரம் செய்தார்கள். முதலில் வந்து குடியேறும் 30 பேருக்கு அரை ஏக்கர் ஊர்மனையும், ஊருக்கு வெளியே 4 ஏக்கர் நிலமும் இனாமாகக் கிடைக்கும். அளவைக்கும் பத்திரத்துக்குமாக மனையொன்றுக்கு ஒன்றரை டாலர் செலுத்தினால் போதும். அந்த மாதமே ஒரு கூட்டம் லெக்ஸிங்டனிலிருந்து லிக்கிங்கின் முகம்வரை பாதை குறித்துக்கொண்டு வந்தது. சிம்ஸும் வந்து சேர்ந்து, உள்நாட்டைப் பார்வையிடப் புறப்பட்டார். அந்தப் பயணத்தினிடையே ஃபில்சன் கூட்டத்தைப் பிரிந்து தனியே சென்றார். பிறகு அவரை யாரும் காணவில்லை. ஷானியரால் கொல்லப்பட்டார் என்று கூட இருந்தவர்கள் முடிவுசெய்தார்கள், உடல் அகப்படவேயில்லை. தாம் பெயரிட்ட ஊர் எழும்பியதை அவர் பார்க்கவில்லை. பங்குத் தொகையை அவர் செலுத்தியிருக்கவில்லை ஆதலால் உறவினருக்கும் ஒன்றும் கிட்டவில்லை. அவருடைய பங்கு இஸ்ரேல் லட்லோ என்னும் நில அளவையாளருக்குச் சென்றது.

அவ்வாண்டு டிசம்பரின் கடைசி வாரத்தில், பனிக்கட்டிகள் மிதந்துவரும் ஆற்றிலே, மேற்புறத்துத் துறையாகிய லைம்ஸ்டோனிலிருந்து பாட்டர்சனும் லட்லோவும் குடியேறுவோர் சிறு குழுவுடன் படகேறி வந்து, பிற்காலத்தில் யீட்மன் கோவ் எனப்பட்ட கரையில் இறங்கினார்கள். இறங்கிய நாள் டிசம்பர் 28 என்று நகரம் கொண்டாடி வருகிறது. இது பற்றிப் பழைய குடிகளிடையே கருத்துவேற்றுமை இருந்தது. பிறகு நதித்துறை நிலம் பற்றி எழுந்த வழக்கில், முதற்குடிகளுள் ஒருவராகிய வில்லியம் மக்மில்லன் அந்த நாளையே சாட்சியமாகக் கூறினார். வழக்கறிஞராகப் பேர்பெற்ற அவருடைய வார்த்தையை ஏற்பதில் நமக்குத் தடையில்லை. லட்லோ ஃபிலடெல்பியா நகரின் மாதிரியில், சதுரங்கக் கட்டங்களாக வீதிகளை வகுத்தார். வீதிகள் காகிதத்தில் இருந்தன. நிலத்தில் இருந்தது அடர்ந்த வனம். ஆகவே தெருவின் திசையும் மூலையும் மரங்களின் பட்டையைச் செதுக்கி அடையாளமிடப்பட்டன. அந்நகரின் பழைய தெருக்கள் சில இன்றும் சிக்கமோர், வால்நட், எல்ம், பிளம் என்று மரங்களின் பெயராலேயே வழங்குகின்றன.

மூன்று ஊர்களுள் எது தலைமை பெறும் என்ற கேள்வி 1789-ஆம் ஆண்டிலேயே தீர்ந்துவிட்டது. தாழ்ந்த நிலத்திலிருந்த கொலம்பியாவை அந்தக் குளிர்காலத்து வெள்ளமே மூழ்கடித்தது. குடிகளைக் காக்க வந்த படையின் மேஜர் ஜான் டவ்டி, கரையை ஆராய்ந்து, லிக்கிங்குக்கு எதிரேயுள்ள மேட்டிலே மரக்கோட்டை கட்டினார். அதற்கு வாஷிங்டன் கோட்டை என்று பெயர். சிம்ஸின் வடவளைவில் நிறுத்தப்பட்ட ஒரு சிறு படையதிகாரி, கண்ணழகியான ஒரு பெண் கணவனோடு லொசாண்டிவில்லுக்குக் குடிபெயர்ந்ததைப் பொறுக்காமல் தன் படையையும் அங்கே மாற்றிக்கொண்டான் என்றும், அதனால்தான் கோட்டை அங்கே அமைந்தது என்றும் ஒரு காதற்கதை அந்நாட்டுச் சரித்திர நூல்களில் நெடுநாளாக உலவுகிறது. வெள்ளம் ஏறாத மேட்டுநிலமும், எதிரே கென்டக்கியிலிருந்து படையும் உணவும் வந்து சேரும் லிக்கிங் நீர்வழியும் கண்முன்னே இருக்க, இந்தக் கதைக்கு அவசியமே இல்லை.

1789 டிசம்பரில் ஜெனரல் ஹார்மர் படையோடு வந்து கோட்டையில் தங்கினார். 1790 ஜனவரி 2-இல் பிரதேச ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர் வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் சேனையில் அமெரிக்காவுக்கு வந்து, பின்பு சுதந்தரப் போரில் வாஷிங்டனின் கீழ் மேஜர் ஜெனரலாக உயர்ந்து, காங்கிரசுக்கும் தலைவராயிருந்தவர் அவர். அவர் தங்கியது மூன்று இரவுகள். அதற்குள் இரு மயாமிகளுக்கு இடைப்பட்ட நிலத்தை ஒரு மாவட்டமாக்கி, நீதிபதிகளையும் படைக் காவலரையும் நியமித்து, ஊரின் பெயரையும் மாற்றிவிட்டார். லொசாண்டிவில் என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகஞ்சுளித்தார் என்பது கர்ணபரம்பரை. முகஞ்சுளித்தாரோ இல்லையோ, புதிய பெயரை அவர் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தார் என்று நான் நம்பவில்லை.

அந்தப் பெயருக்குரிய சங்கத்தின் கதை இது. 1783 மே மாதத்தில், யுத்தம் முடிந்து சேனை கலையும் தறுவாயில், ஹென்றி நாக்ஸ் முதலிய தளபதிகள் ஒரு நட்புச் சங்கம் அமைத்தார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், ரோமாபுரி ஆபத்திலிருந்தபோது ஏரை நிறுத்திவிட்டு வந்து சர்வாதிகாரம் ஏற்று, பகைவரை வென்று, 16 நாளில் அதிகாரத்தைத் துறந்து மீண்டும் கழனிக்குத் திரும்பினார் என்று லிவி என்னும் ரோமானிய ஆசிரியர் புகழும் சின்சினாட்டஸ் என்பவரைத் தமக்கு லட்சிய புருஷராகக் கொண்டு, அவர் பெயரின் பன்மை வடிவத்தைத் தம் சங்கத்துக்கு வைத்தார்கள். சேனாதிபத்தியத்தைத் துறந்து தம் பண்ணைக்குத் திரும்பிய வாஷிங்டனே அதற்கு முதல் தலைவர். ஆயினும் தந்தைக்குப் பின் மூத்த மகன் உறுப்பினனாவான் என்று அவர்கள் வகுத்த விதி நாட்டில் பெருங்கிளர்ச்சியை உண்டாக்கிற்று. மன்னராட்சியை ஒழித்த நாட்டில் பிறப்புரிமையால் ஒரு பிரபு வர்க்கமா என்று தென் கரோலைனாவின் நீதிபதி ஈடேனஸ் பர்க் கண்டித்தெழுதினார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் அதை எள்ளி நகையாடினார். ஜெஃபர்சன் வாஷிங்டனை எச்சரித்தார். 1784-இல் வாஷிங்டன் அந்த விதியை நீக்குமாறு வற்புறுத்தியும், மாநிலக் கிளைகள் பல உடன்படாமையால் அது நீங்கவில்லை. செயின்ட் கிளேர் அச்சங்கத்தின் பிரமுகர்களுள் ஒருவர்.

பெயரிட்டவர் யார் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1790 ஜனவரியில், ஆளுநர் வந்துபோன சில நாட்களுக்குள், சிம்ஸ் தம் கூட்டாளி ஜானதன் டேட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மாவட்டத்துக்குப் பெயரிடும் மரியாதையை ஆளுநர் தமக்கு அளித்தாரென்றும், நிதியமைச்சர் ஹாமில்டன் பெயரைத் தாம் இட்டதாகவும், லொசாண்டிவில்லை ஆளுநர் வேறு பெயரோடு மாவட்டத் தலைநகராக்கிவிட்டமையால் பழைய பெயர் இனி மறைந்துபோகும் என்றும் அதில் கூறுகிறார். 1791-இல் எழுதிய மற்றொரு கடிதத்திலோ, ஊருக்கு அப்பெயரைத் தாமே இட்டதுபோல் பேசுகிறார். அதுமட்டுமன்று, சின்சினாட்டி என்பது வீரர்களின் பெயராயிற்றே, அவர்கள் வாழும் ஊரின் பெயர் பெண்பாலில் முடியவேண்டாமா, சின்சினாட்டா என்பதன்றோ முறை என்று ஐயுற்று, நியூ ஜெர்ஸியிலுள்ள புலவர்களை விசாரித்துச் சொல்லும்படி வேண்டுகிறார். நிகழ்ச்சி நடந்த சில நாட்களுக்குள் எழுதிய முதற்கடிதத்தையே நான் நம்புகிறேன்: மாவட்டத்தின் பெயர் சிம்ஸ் இட்டது, ஊரின் பெயர் ஆளுநர் இட்டது. சங்கத்தின் பெயர் ஒரு தோழர் குழுவின் மனப்போக்காகவே நின்றிருக்கலாம். நீதிமன்றம், மாவட்டம், காவற்படை ஆகியவற்றோடு ஒரே மூச்சில் பிரகடனம் செய்யப்பட்டதனால், அது புதிய குடியரசின் முத்திரையாயிற்று.

ஏருக்குத் திரும்பிய வீரரின் பெயரைப் பெற்ற ஊர், உண்மையில் ஐந்தாண்டுகள் யுத்தத்தின் பாசறையாக இருந்தது. பெயர் மாறிய 1790-இன் இலையுதிர் காலத்திலேயே ஹார்மர் வாஷிங்டன் கோட்டையிலிருந்து படையெடுத்துச் சென்று, மயாமியரின் தலைவர் மிஷிகினாக்வாவிடம் தோல்வியுற்றுத் திரும்பினார். அடுத்த ஆண்டு ஆளுநர் செயின்ட் கிளேரே சேனையை நடத்திச் சென்றார். 1791 நவம்பர் 4 அதிகாலையில், வாபாஷ் நதிக்கரையில், மிஷிகினாக்வாவும் ஷானியர் தலைவர் நீலச்சட்டை என்பவரும் நடத்திய கூட்டுப்படை அவரைச் சூழ்ந்தது. சில மணி நேரத்தில் 600-க்கு மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரர் மாண்டனர். சுதேசக் குடிகளோடு செய்த யுத்தங்களில் அமெரிக்கச் சேனை அடைந்த தோல்விகளுள் இதைவிடப் பெரியது இல்லை. அரசாங்கத்தின் செயலைக் காங்கிரஸ் முதன்முதலாக விசாரணை செய்ததும் இந்தத் தோல்வியை முன்னிட்டுத்தான்.

1793-இல் சமாதானம் பேச வந்த தூதர்கள் நிலத்துக்குப் பணம் தருவதாகக் கூறினார்கள். கூடியிருந்த குடிகள் அளித்த மறுமொழியை, அந்நாட்டு அரசியற் சாசனங்களோடு ஒருங்கு வைத்துப் படிக்கவேண்டும். பணம் எங்களுக்குப் பயனற்றது. எங்கள் நிலத்தில் வந்து குடியேறியவர்கள் ஏழைகள், இல்லையேல் இத்தனை அபாயத்துக்கிடையே வந்திருக்கமாட்டார்கள். எங்களுக்குத் தருவதாகச் சொல்லும் பணத்தை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் அவர்கள் மனமுவந்து திரும்பிப் போவார்கள். ஒஹையோ நதியே எல்லையாக நிற்கட்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். பகைவனின் வறுமையையும் எண்ணிப் பார்த்த இந்த ராஜதந்திரம் பலிக்கவில்லை. 1794 ஆகஸ்ட் 20-இல் ஜெனரல் அந்தோணி வேய்ன் வீழ்ந்த மரங்களின் களம் எனப்படும் இடத்தில் வென்றார். 1795-இல் கிரீன்வில் உடன்படிக்கையால் இன்றைய ஒஹையோ மாநிலத்தின் பெரும்பகுதி குடியரசின் கைக்கு வந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்த வளர்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1800-இல் 750 பேர் வாழ்ந்த ஊர், 1802-இல் கிராம சாசனமும் 1819-இல் நகர சாசனமும் பெற்றது. 1811-இல் முதல் நீராவிப் படகு ஒஹையோவில் வந்தது. வடக்கேயுள்ள விளைநிலங்களோடு இணைக்கும் கால்வாய் 1825-இல் தொடங்கப்பெற்றது. 1850-இல் ஜனத்தொகை 1,15,435. நாட்டிலேயே ஆறாவது பெரிய நகரம். பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்த தொழிலால் அதற்கொரு பட்டப்பெயரும், அழகால் மேற்கின் அரசி என்று மற்றொரு பட்டப்பெயரும் வந்தன. ஜெர்மானியர் திரளாகக் குடியேறியபோது, தங்கள் குடியிருப்புக்கு எல்லையாயிருந்த அந்தக் கால்வாயை ரைன் நதியாகப் பாவித்தார்கள். ரைனுக்கு அப்பால் என்னும் பெயர் அப்பேட்டைக்கு இன்றும் வழங்குகிறது. அரசாங்க ஆணையின்றி, மக்கள் வாயில் தானே பிறந்த பெயர் அது. தென்கரையில் அடிமை முறையும் வடகரையில் அதன் தடையும் நிலவியமையால், ஆற்றைக் கடப்பதே விடுதலையாகக் கருதிக் கென்டக்கியிலிருந்து தப்பி வந்தவர்கள் பலர். 1832 முதல் 1850 வரை இந்நகரில் வாழ்ந்த ஹாரியட் பீச்சர் ஸ்டோ, அவர்களுடைய துயரத்தை அருகிருந்து அறிந்துதான் பிறகு தம் புகழ்பெற்ற நாவலை எழுதினார். கறுப்பரை வடகரையும் நல்ல முறையில் வரவேற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1829-இல் நடந்த கலகத்துக்கு அஞ்சிக் கூட்டங்கூட்டமாக அவர்கள் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

வாஷிங்டன் கோட்டை 1808-இல் இடிக்கப்பட்டது. 1952-இல் ஓரிடத்தில் அஸ்திவாரம் தோண்டும்போது அதன் வெடிமருந்து அறையின் அடிப்பகுதி வெளிப்பட்டது. ஃபில்சனின் பெயரால் ஒரு தெருவும், கென்டக்கியில் ஒரு சரித்திர சங்கமும் உண்டு. லட்லோவின் பெயரும், செயின்ட் கிளேரின் பெயரும், ஹாமில்டனின் பெயரும் அங்கே நிலைத்திருக்கின்றன. மயாமியரின் பெயரோ இரண்டு ஆறுகளில், ஒரு பள்ளத்தாக்கில், 1809-இல் நிறுவப்பட்ட ஒரு சர்வகலாசாலையில் விளங்குகிறது. அங்கே இந்நாளில் மயாமிய மொழியை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவரும் ஒரு நிலையமும் அக்குடியினரின் ஒத்துழைப்போடு நடைபெற்று வருவது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

ஆனால் அந்த மக்கள்? 1846 அக்டோபரில், இண்டியானாவில் எஞ்சியிருந்த மயாமியருள் 300-க்கு மேற்பட்டோரை அரசாங்கம் படைக் காவலோடு கால்வாய்ப் படகுகளில் ஏற்றியது. அவர்கள் பெயர் கொண்ட மயாமி-ஈரி கால்வாயின் வழியாக அப்படகுகள் தெற்கே வந்து சின்சினாட்டியை அடைந்தன. அங்கே நீராவிக் கப்பலுக்கு மாற்றப்பட்டு, ஒஹையோவில் இறங்கி, மிஸ்ஸிஸிப்பிக்கு அப்பால் கான்சாஸ் நிலத்துக்கு அவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். படகு வந்து இறங்கிய 1788 டிசம்பர் 28-ஐ நகரம் ஆண்டுதோறும் நினைக்கிறது. நினைக்கட்டும், அது அதன் உரிமை. அந்நகரின் சரித்திரத்தை இனி எழுத முற்படுவோரையும் கற்பிக்க முற்படுவோரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அதே துறையிலிருந்து மயாமியர் கப்பலேற்றப்பட்ட 1846 அக்டோபரையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.